தூரமா என்று மட்டும் கேட்டவன்

1

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. மகள் தாரணி ஆற்றுக்குப் போகும் நாளில் நான் நிரப்ப வேண்டிய தாள். எந்த ஆறு, எங்கே இறங்குகிறார்கள், எங்கே கரையேறுகிறார்கள், யார் யார், கார் நம்பர் என்ன, எத்தனை மணிக்குத் திரும்புவார்கள், எத்தனை மணி தாண்டினால் ஆளைத் தேடச் சொல்லி நான் ஃபோன் செய்ய வேண்டும் என்று ஏழு கட்டங்கள். அதற்கு அடியில் பழைய தாள் ஒன்றும் இருக்கிறது. மனைவி அதை எடுக்க விடவில்லை. அதில் 'எந்த ஆறு' என்ற கட்டத்துக்குள் என் கையெழுத்தில், தமிழில், 'கொஞ்சம் தூரம்' என்று எழுதியிருக்கிறது.

நான் நியூசிலாந்தில், தெற்குத் தீவில் ஒரு சின்ன ஊரில் பதினாறு வருடமாக இருக்கிறேன். அந்த இரண்டு வார்த்தையை ஏன் எழுதினேன் என்று இங்கே யாருக்கும் விளக்க முடியவில்லை. ராஜபாளையத்துக்காரர்களுக்கு விளக்காமலே புரியும். புரிந்த பிறகு சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு அது பழக்கம்தான்.

2

நான் படித்தது பத்தாம் வகுப்பு. பிறகு பதினேழு வருடம் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சந்தில் லேடீஸ் டெய்லராக இருந்தேன். வாய் பேசாத டெய்லர் என்று பெயர். அளவு எடுக்கக் கூச்சப்பட்டு, "பழைய ஜாக்கெட் ஒன்னு குடுத்துட்டுப் போங்க" என்று தரையைப் பார்த்துச் சொல்வேன். பாவாடைக்கு நாடா கோப்பதில் மட்டும் எனக்குக் கூச்சமே கிடையாது. அப்புறம் சிங்கப்பூரில் கான்வாஸ் துணி தைக்கும் வேலை. அங்கிருந்து இங்கே, லாரிக்குத் தார்ப்பாயும் படகுக்கு உறையும் தைக்கும் ஒரு பட்டறைக்கு வந்து சேர்ந்தேன்.

இந்த ஊரைச் சுற்றி மலை. மலைக்கு மலை ஓர் ஆறு. பனி உருகி வருகிற தண்ணீர், பாறைக்குப் பாறை மோதி வெள்ளை வெளேரென்று இறங்கும். அதில் வேண்டுமென்றே படகு விடுவதற்குப் பல நாட்டிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். கயாக் என்பது ஒரே ஓர் ஆள் உட்காரும் குட்டிப் படகு. ஆள் உட்காரும் வாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போகாமலிருக்க, இடுப்பில் ரப்பர் துணியில் ஒரு பாவாடை கட்டி, அதன் விளிம்பைப் படகின் வாயில் இழுத்து மாட்டிக்கொள்வார்கள். ஆங்கிலத்திலும் அதற்குப் பெயர் ஸ்கர்ட், பாவாடைதான். ராஜபாளையத்துப் பெண்களுக்குப் பாவாடை தைத்தவனைக் கடவுள் இரண்டு கடல் தாண்டிக் கொண்டுவந்து, ஆறடி உயரத் தாடிக்காரர்களுக்குப் பாவாடை தைக்க வைத்துவிட்டார். அவர்களிடமும் நான் தரையைப் பார்த்துக்கொண்டு பழைய பாவாடையைத்தான் அளவுக்குக் கேட்கிறேன்.

ஒருமுறை, ராஃப்ட் ஓட்டும் ஒரு கம்பெனிக்கு உயிர்காக்கும் ஜாக்கெட்டுகள் முப்பதைத் தைத்துக் கொடுத்தேன். சந்தோஷத்தில் என்னை இலவசமாகக் கூட்டிப் போனார்கள். ராஃப்ட் என்பது காற்றடித்த பெரிய ரப்பர் மிதவை. எட்டுப் பேருக்கு எட்டுத் துடுப்பு. பின்னால் உட்கார்ந்த வழிகாட்டி கத்துகிறபடி துழாவ வேண்டும். என் துடுப்பு பக்கத்துப் பெண்ணின் ஹெல்மெட்டில் பட்டது. ஸாரி சொன்னேன். அலை ஒன்று முகத்தில் அடித்தது. அதற்கும் ஸாரி சொன்னேன். இரண்டாவது இறக்கத்தில் மிதவை ஒரு பாறையில் ஏறிச் சாய்ந்தது. நான் மட்டும் தண்ணீரில் இருந்தேன்.

உள்ளே மேல் எது கீழ் எது என்று தெரியவில்லை. அரவை மில்லுக்குள் தலையை விட்டது போல ஒரே இரைச்சல். பிறகு யாரோ என் ஜாக்கெட்டின் இரண்டு தோள்பட்டைகளையும் பிடித்துத் தூக்கினார்கள். அந்தரத்தில் தொங்கிய அந்த நேரத்தில் சாமியோ பெண்டாட்டி பிள்ளையோ ஞாபகத்துக்கு வரவில்லை. இந்தப் பட்டைக்கு இரட்டைத் தையல் போட்டேனா, சாயங்கால அவசரத்தில் ஒற்றையோடு விட்டுவிட்டேனா என்பது மட்டும்தான் வந்தது.

இரட்டைத் தையல்தான் போட்டிருந்தேன். ஆனால் அதற்கப்புறம் ஆற்றுப் பக்கம் நான் போகவில்லை. தாரணி போனாள். அவளுக்குப் பன்னிரண்டு வயதானபோது பட்டறை முதலாளி கிரெக் தன் மகனின் பழைய கயாக்கைக் கொடுத்தார். இப்போது இருபது வயது, ஆற்றில் வழிகாட்டி வேலைக்குப் படிக்கிறாள். அப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்று ஊரில் சொன்னால் மாமா நம்பவில்லை. "ஏலே, தண்ணியில விழாம இருக்கதுக்கு ஒரு காலேஜா" என்று கேட்டார்.

3

மாமா என்றதும் அந்தக் கதையையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு ஒன்பது வயது. தாய்மாமாவுக்குப் பெண் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பினார்கள். ஏழு பேர், சலவை வேட்டி, தட்டு நிறையப் பூவும் பழமும். மாமா வாசற்படி தாண்டியதும் நான், "மாமா, எங்க போறீய?" என்று கேட்டேன். எங்கே என்று எனக்கே தெரியும். எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள், நானும் ஏதாவது பேசலாம் என்று கேட்டுவிட்டேன்.

"வாய வச்சிட்டியாலே" என்றார் மாமா.

கிளம்புகிறவரை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது. கேட்டுவிட்டால் திரும்பி வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். ஏழு பேரும் திரும்பினார்கள். ஏழு பேருக்கும் ஒரே தம்ளர். ஒவ்வொருவராகக் குடித்து முடிப்பதற்குள் ராகு காலம் வந்துவிட்டது. அது முடியும் வரை காத்திருந்து போய்ச் சேர்ந்தபோது, பெண் வீட்டில் வேறொரு கூட்டம் வெற்றிலை மாற்றிக்கொண்டிருந்ததாம். பிறகு மாமா சேத்தூரில் பெண் எடுத்து அங்கேயே நிலம் பார்த்துக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறார். இன்றும் ஃபோனை எடுத்ததும் முதல் வார்த்தை, "ஒன்னாலதாம்லே நான் சேத்தூர்க்காரன் ஆனேன்."

அன்றோடு அந்தக் கேள்வி என் வாயை விட்டுப் போயிற்று. பெரியவர்கள் கேட்பது போல "தூரமா?" என்று மட்டும் கேட்கப் பழகினேன். "பக்கந்தான்" என்றோ "கொஞ்சம் தூரந்தான்" என்றோ பதில் வரும். அதற்கு மேல் தோண்டுவது மரியாதை இல்லை.

அதற்கு மேல் தேவையும் இருந்ததில்லை. ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு நாலு பேர் அய்யனார் கோவில் ஆற்றுக்குக் குளிக்கப் போனோம். மேலே மலையில் மழை. எங்கள் தலையில் ஒரு சொட்டு விழவில்லை, ஆற்றில் மட்டும் சட்டென்று தண்ணீர் ஏறிவிட்டது. அக்கரையில் மாட்டிக்கொண்டோம். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை, அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தோம். பொழுது சாய்வதற்குள் கயிற்றோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். சைக்கிள் வாடகைக்குக் கொடுத்தவர் சொல்லியிருக்கிறார், வழியில் டீக்கடைக்காரர் சொல்லியிருக்கிறார், பூ விற்கிற அம்மாகூடச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்தபோது நான் என்ன முறுக்கு வாங்கித் தின்றேன் என்பது வரை அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அடி அதற்கும் சேர்த்து விழுந்தது.

இங்கே பட்டறையை விட்டு நான் கிளம்பும்போதெல்லாம் கிரெக், "எங்கே கிளம்பிவிட்டாய்?" என்று சிரித்துக்கொண்டு கேட்பார். அவர் கேட்பது அன்பு. ஆனால் எனக்குக் கால் ஓடாது. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவேன். ஒரு வருடம் பார்த்துவிட்டு அவர் என்னைத் தனியே கூப்பிட்டு, சர்க்கரை வியாதியா, மறைக்க வேண்டாம் என்றார். விளக்க வெட்கப்பட்டு ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். அதிலிருந்து என் பிறந்தநாளுக்குப் பட்டறையில் சர்க்கரை இல்லாத கேக் வாங்குகிறார்கள். லீவு நாளில் உதவிக்கு வந்த தாரணி இதைப் பார்த்துவிட்டு விவரம் கேட்டாள். சொன்னேன். அரை மணி நேரம் சிரித்தாள்.

4

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தாரணியும் அவள் தோழி ஹேன்னாவும் கயாக் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அதற்கு முதல் நாள்தான் கல்லூரியிலிருந்து அந்தத் தாள் வந்திருந்தது. ஆற்றில் இறங்கும் ஒவ்வொருவருக்கும் கரையில் ஒருவர் பொறுப்பு ஏற்க வேண்டும். தாரணிக்கு நான். பெயர், கையெழுத்து எல்லாம் பத்திரப் பதிவு மாதிரி வாங்கிக்கொண்டாள்.

"ஆறு எதுன்னு இப்பச் சொல்ல முடியாதுப்பா. காலையில தண்ணி எம்புட்டு வருதுன்னு பாத்துட்டுத்தான் முடிவு பண்ணுவோம். கெளம்பும்போது கேட்டு எழுதிக்கோங்க. மூணு மணிக்கு வந்துருவோம். அஞ்சு வரைக்கும் வரலன்னா ஃபோன் பண்ணிருங்க."

சரி என்றேன். காலையில் ஹேன்னா வெளியே ஹாரன் அடித்தாள். தாரணி வாசற்படி தாண்டிவிட்டாள். நான் தாளும் பேனாவுமாக நிற்கிறேன். கேட்க வேண்டியது இரண்டே வார்த்தை. ஆனால் அவள் போவது ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பெண் பார்க்க இல்லை. நான் விழுந்து எழுந்த தண்ணீருக்குப் போகிறாள். அந்தத் தண்ணீருக்குப் போகிற பிள்ளை மேல் வாய் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

"தூரமா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் தூரந்தான்ப்பா. போய்ட்டு வாரேன்."

கார் போய்விட்டது. கட்டத்தை வெறுமையாக விட்டால் நான் பொறுப்பில்லாதவன் என்று ஆகிவிடும் என்று, அவள் சொன்னதை அப்படியே எழுதி வைத்தேன்.

5

மனைவி முத்துமாரி முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். ஷிஃப்ட் முடிந்து நாலரைக்கு வந்தாள். பிள்ளை இன்னும் வரவில்லை என்றதும் கைப்பையைக்கூட வைக்காமல் ஃபிரிட்ஜுக்குப் போய்த் தாளைப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"எந்த ஆறுன்னு கேக்கலையா?"

"கெளம்புற பிள்ளைகிட்ட எப்பிடிக் கேக்க?"

முத்துமாரிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். மாமா பெண் பார்க்கப் போன அதே தெரு. எங்கள் கல்யாணப் பேச்சின்போதே அந்தக் கதை அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"கேக்கக் கூடாத அன்னைக்குக் கேட்டுக் கெடுத்தீய. கேக்க வேண்டிய அன்னைக்குக் கேக்காமக் கெடுத்தீய. ஒங்களுக்குன்னு வாய்ச்ச வாய்" என்றாள். தாரணியின் ஃபோனுக்கு அடித்தோம். ஹேன்னாவின் ஃபோனுக்கு அடித்தோம். மலைக்குள் சிக்னல் கிடையாது.

ஐந்து மணிக்கு அவசர உதவிக்கு ஃபோன் செய்தேன். ஒரு பெண் எடுத்தார். பேசியதைத் தமிழில் எழுதுகிறேன், என் ஆங்கிலத்தை அப்படியே எழுதினால் நீங்கள் தாங்க மாட்டீர்கள்.

"எந்த ஆறு?"

"தெரியாது."

"எந்தப் பக்கம் போனார்கள்?"

"கொஞ்சம் தூரம்."

"எவ்வளவு தூரம்?"

"கொஞ்சம்."

கீபோர்டில் ஏதோ தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவர் மெதுவாக, "கரையில் பொறுப்பாக இருப்பவர் நீங்கள்தானே?" என்றார்.

"ஆமாம்" என்றேன். பதினாறு வருடத்தில் நான் இலக்கணப் பிழை இல்லாமல் பேசிய ஆங்கில வாக்கியம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

பதினைந்து நிமிடத்தில், தேடும் குழுவிலிருந்து ஆலன் என்பவர் வீட்டுக்கே வந்துவிட்டார். தச்சர். குழுவில் சம்பளமில்லாமல் வேலை செய்கிறவர். அவர் ஜாக்கெட்டுக்கு நான் ஜிப் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, இது என்ன எழுத்து என்றார். தமிழ் என்றேன். என்ன எழுதியிருக்கிறது என்றார். சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. முகம் மாறாமல் அதைத் தன் நோட்டில் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார்.

"ஹெலிகாப்டருக்குச் சொல்லியாகிவிட்டது. ஆனால் ஒன்பது ஆற்றில் எதன் மேலே பறக்கச் சொல்வது? இருட்டுவதற்கு மூன்று மணி நேரம்தான் இருக்கிறது. அவள் என்ன எடுத்துக்கொண்டு போனாள் என்றாவது பார்ப்போம்."

கார் ஷெட்டுக்குப் போனோம். சின்னப் படகு இல்லை. கெட்டி ஜாக்கெட் இல்லை. அதை வைத்து மூன்று ஆறுகளைத்தான் அவர் கழித்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு ஆணி வெறுமையாக இருந்தது.

எப்போதும் அதில் தொங்குவது, படகை முதுகில் சுமப்பதற்கான தோள்வார். வியாழக்கிழமை தாரணி பட்டறைக்குக் கொண்டுவந்தாள். "அப்பா, இதுல பஞ்சு வச்சுத் தைச்சுக் குடுங்க. படகச் சொமந்துக்கிட்டு ஒரு மணி நேரம் ஏறணும், தோளு அறுந்துரும்" என்றாள். எங்கே ஏற வேண்டும் என்று அன்றும் நான் கேட்கவில்லை. எத்தனை கிலோ என்று மட்டும் கேட்டேன், நூல் எடுப்பதற்காக.

ஆலனிடம் சொன்னேன். கையை ஆட்டி, தோளைத் தொட்டு, மேலே காட்டிச் சொன்னேன்.

"சுமந்துகொண்டு ஒரு மணி நேரமா?"

"ஆமாம்."

"ஸ்லேட் ஆறு" என்றார். "இந்தப் பக்கத்தில் படகைச் சுமந்து ஏறித்தான் இறங்க முடியும் என்று இருப்பது அது ஒன்றுதான்." அதற்குள் அவர் கையில் வயர்லெஸ் இருந்தது.

6

முத்துமாரி ஃபோனுக்கு அருகில் இருந்தாள். நான் ஆலனின் வண்டியில் ஏறினேன். ரோடு மலைக்குள் போகப் போக ஆறு பக்கத்தில் வந்தது. பாறைகளுக்கு நடுவே ஏதாவது சிவப்பாகத் தெரிந்தால் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்த்தேன், அவள் படகு சிவப்பு. முக்கால் மணி நேரம் போயிருப்போம். தார் ரோடு முடிந்து கல் ரோடு ஆரம்பிக்கும் இடத்தில் எதிரே ஹேன்னாவின் வெள்ளைக் கார் வந்தது.

கார் கண்ணாடி இறங்கியது. ஓட்டியது தாரணி, பக்கத்தில் ஹேன்னா. உதடு வெளுத்துப் போயிருந்தது. என்னை அந்த வண்டியில் பார்த்த திகைப்பில் அவள் கேட்டாள்:

"அப்பா, எங்க போறீய?"

போகிற காரியத்தின் நடுவில் என்னை அப்படி யாராவது கேட்டால் எனக்கு ஆகாது. அன்று நான் வண்டியை விட்டு இறங்கி அந்தக் கல் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆலன் ஓடி வந்து ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்தார். கிரெக் அவரிடமும் என் சர்க்கரையைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும், சட்டைப்பையிலிருந்து ஒரு மிட்டாயும் கொடுத்தார். பிறகு வயர்லெஸில் ஹெலிகாப்டர் வேண்டாம் என்று சொன்னார்.

நடந்தது இது. ஹேன்னாவின் படகு இரண்டு பாறைக்கு நடுவில் சிக்கிக்கொண்டது. அவள் எப்படியோ வெளியே வந்து ஆற்று நடுவில் ஒரு பாறையில் ஏறிவிட்டாள். முழங்கால் வீங்கிவிட்டது. இரண்டு பக்கமும் வெள்ளைத் தண்ணீர். தாரணி கரையிலிருந்து கயிறு வீசி, அது சரியாக விழுந்து, அவளை இழுத்துக் கரை சேர்க்க இரண்டு மணி நேரம். படகுகளை அங்கேயே விட்டுவிட்டு, நொண்டுகிறவளைத் தாங்கிக்கொண்டு இறங்கி வந்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து, போர்வைக்குள் காபித் தம்ளரைப் பிடித்துக்கொண்டு தாரணி அம்மாவிடம் சொன்னாள்: "ஹேன்னா குளிரு தாங்காம, நீந்தி வந்துருதேன்னு அழுதாம்மா. குதிச்சிருந்தா அம்புட்டுத்தான். நாந்தான் சொன்னேன், அசையாத, அஞ்சு மணி ஆனா எங்கப்பா ஃபோன் பண்ணிருவாரு, எந்த ஆறுன்னு அவருக்குத் தெரியும், நேரா இங்க வந்துருவாங்கன்னு. அதச் சொல்லிச் சொல்லித்தான் அவள ஒக்கார வச்சேன்."

முத்துமாரி என்னைப் பார்த்தாள். சாயங்காலத்திலிருந்து அவளிடம் சேர்ந்திருந்த அத்தனை திட்டும் அந்த ஒரு பார்வையில் இருந்தது. நான் எழுந்து போய், தாளை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துத் தாரணியிடம் கொடுத்தேன்.

அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும். "கொ... கொஞ்... கொஞ்சம். தூ... தூரம்." முடித்துவிட்டு நிமிர்ந்தாள். "இது நான் சொன்னதுதானே?"

"ஆமாம்மா. கேக்கக் கூடாதுன்னு..."

அவள் தாளை மடியில் வைத்து நீவினாள். நான் எதிர்பார்த்த சிரிப்பு வரவில்லை.

"நானும் சொல்லலையேப்பா" என்றாள்.

7

அடுத்த மூன்று வாரம் ஹேன்னாவின் முழங்காலுக்கு ஓய்வு. எனக்குப் பயிற்சி. பட்டறையில் தைத்துக்கொண்டே "எங்க போற" என்று மெஷினிடம் கேட்டுப் பார்த்தேன். மெஷினிடம் நன்றாக வந்தது. சேத்தூர் மாமாவுக்கு ஃபோன் செய்து விவரம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"கேளுலே" என்றார். "இங்க நாம போற எடம் நாலு பேருக்குத் தெரியும், கேக்காம இருந்தோம். அங்க யாருலே இருக்கா, நீதான் இருக்க. தைரியமாக் கேளு. கெடுத்தா எங்கணக்குல எழுதிக்கோ."

நேற்று அவர்கள் மறுபடி கிளம்பினார்கள். தாரணி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வாசற்படி தாண்டினாள். முத்துமாரி அடுப்படியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க போற?"

மெஷினிடம் கேட்டதை விடச் சத்தமாக வந்துவிட்டது. தாரணி நின்றாள். திரும்பிப் பார்த்தாள். பிறகு படியேறி உள்ளே வந்து, ஹெல்மெட்டோடு, ரப்பர் பாவாடையோடு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கேட்டுட்டீயல்ல. தண்ணி குடுங்க."

கொடுத்தேன். மடக்கு மடக்காக முழுத் தம்ளரையும் குடித்தாள். வெளியே ஹாரன் அடித்த ஹேன்னா, பொறுமையில்லாமல் உள்ளே வந்து எட்டிப் பார்த்தாள். தாரணி அவளையும் கையைப் பிடித்து உட்கார வைத்து ஒரு தம்ளரைக் கொடுக்கச் சொன்னாள். இது என்ன, கல்லூரியில் புதிய விதியா என்று ஹேன்னா கேட்டாள். எங்கள் வீட்டு விதி என்றாள் தாரணி. ஹேன்னா மறுபேச்சில்லாமல் குடித்தாள்.

"ஸ்லேட் ஆறு. மேல இருக்கிற தொங்கு பாலத்துல எறங்கி, கீழ கேம்ப் போடுற எடத்துகிட்ட கரையேறுவோம். நாலு மணிக்கு வந்துருவோம். ஆறு மணி வரைக்கும் வரலன்னா ஃபோன் பண்ணுங்க. எழுதிக்கிட்டீயளா?"

"எழுதிட்டேன்."

"போய்ட்டு வாரேன்."

ஏழு கட்டமும் நிரம்பியிருந்தன. இரண்டு தம்ளரையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கடிகாரத்துக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நாலு பத்துக்கு வந்துவிட்டார்கள்.